இரண்டாம் அடுக்கில் என் இடம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
தபால் விநியோகம் ஒன்றரைக்கு முடிந்தது. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் சதுர்னி. கடைக்காரி உரக்கச் சொன்னாள்: "சதுர்னி, பையைக் கெட்டியாப் பிடிச்சுக்க. அதையும் நழுவ விட்டுடாத!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மனிதக் கோபுரம் சரிந்தது. எட்டு அடுக்கு. நான் இரண்டாவதில், என் தோளுக்கு மேல் ஆறு. நல்லவேளை, யாருக்கும் எலும்பு முறியவில்லை. குழுத் தலைவர் எர்மென்கோல் காரணம் கேட்டபோது, "கச்சை தளர்ந்துபோச்சு" என்றேன். இடுப்பில் சுற்றும் அந்தப் பத்து மீட்டர் துணியின் மறுமுனையை எனக்காக இழுத்துப் பிடித்தவன் சதுர்னி.

கச்சை தளரவில்லை. என் முழங்கால் நடுங்கியது.

ஆகஸ்ட் 7
காலை ஆறு மணி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்காரும் நிலை. தொடைமேல் தண்ணீர்ப் புட்டிகள், பத்து கிலோ. 31 வினாடி.

ஆகஸ்ட் 8
28. குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19
52. மாடிப்படி இறங்கும்போது கிழவி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3
செய்யவில்லை. மழை. (வீட்டுக்குள் செய்வதற்கு மழை என்ன தடை? சோம்பல்.)

செப்டம்பர் 13, வெள்ளி
1 நிமிடம் 40. இரவுப் பயிற்சியில் சதுர்னியிடம் யாரும் கச்சை முனையைக் கொடுக்கவில்லை. ஏழு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். எண்ணினேன். அவன் சுவரோரம் நின்று தன் கச்சையையே மடித்துக்கொண்டிருந்தான்.

காலுக்குப் பலம் வந்தா வாய்க்கும் வரும்னு நெனச்சேன். வரலையே. நாப்பத்தொரு வயசு ஆச்சு, இன்னும் என்ன பயம்?

செப்டம்பர் 20, வெள்ளி
சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும், பயிற்சி தொடங்கும் முன்.

எர்மென்கோல்: "ஒன்றரை மாசமா என்ன பண்ணிட்டிருந்த?"

சதுர்னி: "எனக்கு அன்னைக்கே தெரியும். விழுந்தப்புறம் உன் கச்சையை அவுத்துவிட்டதே நான்தான். முடிச்சு மாதிரி இறுகிக் கெடந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். இத்தனை நாள் இழுத்துட்ட, கழுதை."

என்னைக் கீழே, கோபுரத்தின் அடியைச் சுற்றி நின்று தாங்கும் கூட்டத்தின் கடைசி வளையத்துக்கு அனுப்பினார் எர்மென்கோல். காலைப் பயிற்சி பற்றிச் சொன்னேன். "மூணு நிமிஷம் என் முன்னால உக்காந்து காட்டு. அப்புறம் பேசலாம்."

சதுர்னியிடம் நான்கு பேர் கச்சை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். வேண்டுமென்றே மூச்சு முட்ட இழுத்தான்.

அக்டோபர் 11, வெள்ளி
3 நிமிடம் 5. எர்மென்கோல் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "இது ஓடுதா?" இரண்டாம் அடுக்கு மறுபடி எனக்கு.

அக்டோபர் 20, ஞாயிறு — ஊர் விழா
சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டேன். மூன்றாம் அடுக்கு தோளில் ஏறியது. பிறகு ஒவ்வொன்றாக. உள்ளே இருப்பவர்கள் மேலே பார்க்கக் கூடாது. குழல் இசை மாறினால்தான், உச்சியில் ஏறியவர் கை உயர்த்திவிட்டார், கோபுரம் முழுமையானது என்று தெரியும். மாறியது. சதுக்கம் கத்தியது. ஏறுவதைவிட இறங்குவது கடினம் — சென்ற முறை அங்கேதான் சரிந்தோம். பல்லிடுக்கில் வினாடிகளை எண்ணினேன். என் தோளிலிருந்து கடைசிக் கால் விலகியபோது நூற்றுத் தொண்ணூற்றாறு.

முழங்கால் அசையவில்லை.

சதுர்னி என்னைத் தூக்கிச் சுற்றினான். அழுதது அவன்தான். சரி, நானும்.

அக்டோபர் 21, திங்கள்
காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு அழைப்பு மணி. எர்மென்கோல், கால்சட்டை முட்டிவரை மடித்தபடி. முப்பது வருடமாக முதல் அடுக்கில் நிற்பவர்.

"எனக்கும் நடுங்குது, ரொசோ. ரெண்டு வருஷமா. எங்க உக்காரணும்?"

சுவரைக் காட்டினேன். பத்தொன்பது வினாடி.