தலைக்குப் பத்து ரூபாய்

பெரியநாயக்கன்பாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பால் சௌக்கியம். மனசால் நான் மட்டும்தான் சௌக்கியம், அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீ அந்தக் குளிர் ஊரில் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், டாக்டருக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே தலையைத் துவட்டாமல் திரிகிறவள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய், அதனால் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. விஷயம் இதுதான். உன் பழைய முதலாளி மதன்குமார் டாக்டர் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். உன்னைத் திரும்பவும் வேலைக்குக் கேட்டு வந்தார். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், வரமாட்டாள் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலு வருடமாகியும் எனக்கு எதுவும் ஆறவில்லை கண்ணு. மோட்டார் பம்ப் பட்டறை அரங்கசாமி நெஞ்செரிச்சல் என்று வந்தபோது நீ இசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்துக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுங்கள், டீயைக் குறையுங்கள் என்று உட்கார வைத்துப் பேசி மாத்திரை எழுதி அனுப்பினாய். அதற்குத்தானே மதன்குமார் டாக்டர் தன் ஆஸ்பத்திரி பில் கவுண்டர் முன்னால், அத்தனை ஜனமும் பார்க்க, வர்ற கேஸையெல்லாம் திருப்பி அனுப்பறதுக்கா உனக்குச் சம்பளம், இதென்ன தர்ம ஆஸ்பத்திரியா என்று கத்தினார். அட்மிஷன் போட்டிருக்க வேண்டுமாம், ஸ்கேன் எழுதியிருக்க வேண்டுமாம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டுமாம். நம் ஜனமும் லேசுப்பட்டதில்லை, ஊசி போடாத டாக்டருக்குக் காசு கொடுக்க மனசு வராது, வெறும் பேச்சுக்கு எதுக்குங்க காசு என்று கவுண்டரில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்கள் தெரியாமல் கேட்டார்கள். இவர் தெரிந்தே செய்தார். நீ வேலையை விட்ட பிறகும் இவர் விடவில்லை, மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போன் போட்டு அந்தப் பொண்ணு வேலைக்கு ஆகாது என்று சொல்லிவைத்தார். நியாயம் கேட்கப் போன நான் காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், என்னைத் தாண்டித்தான் காருக்குப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நாம் யார் வீட்டு ஜனம், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ விமானம் ஏறிய மறுவாரமே நான் பொள்ளாச்சி பஸ் ஏறி ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மன் கோயிலில் அவரைத் தண்டிக்கச் சொல்லி மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பாய். அவள் பெயரையே எனக்கு வைத்திருக்கிறார்கள், அவளிடம் கேட்க எனக்கு என்ன வெட்கம். இரண்டு நாள் கையெரிச்சல் போகவில்லை, அந்த எரிச்சல் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மன் மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்டாள். டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகள் நம் ரோடு வரைக்கும் வேன் விட்டு ஆபரேஷன் கேஸ்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. இவரிடம் மிஞ்சியது காய்ச்சலும் சளியும் சர்க்கரையும்தான். அதற்கு வருகிற ஜனம் மிஷினைப் பார்த்து வராது, ஆளைப் பார்த்து, கைராசியைப் பார்த்து வரும். இவர் கொடுக்கிற சம்பளத்துக்கு வருகிற சின்ன டாக்டர்களோ மேல்படிப்புப் பரீட்சை வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், இன்றைக்கு ஒரு முகம் நாளைக்கு ஒரு முகம் என்றால் யார் நம்பி உட்காருவார்கள். அவர் வந்தபோது நான் கிரைண்டரில் கடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏனுங்கம்மா, கொஞ்சம் பேசோணுமுங்க என்றார். நாற்காலியைக் காட்டினேன், கிரைண்டரை நிறுத்தவில்லை. உளுந்தை வழித்துவிட்டு அரிசியையும் போட்டேன். அந்தச் சத்தத்தில் மனிதர் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், அப்பா கண்ணைக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அரிசி ஆட்ட எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். நான் காத்திருந்த நேரத்துக்கு அது கால்வாசிகூட இல்லை. அப்பா காபி கொடுத்தார். நம் வீட்டு டம்ளரில் முழுவதும் குடித்தார், அதை மறைக்க மாட்டேன்.

கிரைண்டர் நின்றதும் சொன்னார். பாப்பா இருந்தப்ப வந்த கூட்டம் அப்பறம் வரவேயில்லீங்கம்மா, இன்னமும் அந்தப் பேசற டாக்டர் இருக்குதுங்களான்னுதான் கேக்கறாங்க, ஸ்கேன் மிஷின் வாங்குன கடன் கழுத்தை நெரிச்சுது, அந்த ஆத்தரத்துல நான் அன்னைக்குப் பேசிப்போட்டேன், தப்புத்தானுங்க என்றார். ரயில்வே கேட் பக்கம் தனியாக ஒரு கிளினிக் வைக்கிறாராம், குடும்ப டாக்டர் வேலை மட்டும்தானாம், மாதம் ஒன்றரை லட்சம், எத்தனை பேரை அட்மிஷன் போட்டாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்களாம். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்றுகூட அப்படி இல்லை. நான் சுவரைப் பிடித்து எழுந்தேன். மதன்குமார் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, முட்டிக்கு எவ்வளவு நாளாக வலி, குனிந்து குனிந்து மாவு அள்ளாதீர்கள், கிரைண்டரை மேடை மேல் ஏற்றுங்கள், தினமும் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். நல்லாத்தான் பேசினார், அவருக்கும் பேசத் தெரிந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துவந்து டம்ளர் பக்கத்தில் வைத்தேன். எம் புள்ளைக்கு மாசம் முப்பதாயிரம் குடுத்தீங்க, ஒரு நாளைக்கு நூறு பேரைப் பாத்தா, கணக்குப் போட்டா தலைக்குப் பத்து ரூவாதானுங்க வருது, நீங்களும் ஊசி போடலீங்க, பேச்சுத்தான் பேசுனீங்க, அதே ரேட்டுக் குடுத்துப்போட்டேன், எம் பொண்ணு வரமாட்டா, போயிட்டு வாங்க என்றேன். சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் அந்தக் காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாரேனுங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதில்தான் எனக்குப் பாதி ருசி போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார். நடுவில் ஒரே ஒரு முறை, கேட்டது கெடச்சிருச்சு, ஆனைமலைக்குப் போய் எண்ணெய் ஊத்தி அம்மனைக் குளிர வெச்சுட்டு வா என்றார். இன்னும் எனக்குக் குளிரவில்லை என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுப் பங்காரம்மாவுக்கு விஷயம் தெரிந்து வந்தாள். அவளுக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண். சுகாதார நிலையத்தில் மாத்திரை தருகிறார்கள், புண்ணை உட்கார்ந்து பார்க்க அந்தக் கூட்டத்தில் யாருக்கு நேரமிருக்கிறது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் வருகிறாள். நீ உன்ற வஞ்சத்தைத் தீத்துக்கிட்டயக்கா, என்ற காலைப் பாக்க யாரிருக்கா என்றாள். நான் அவளையும் திட்டினேன். உனக்குக் காலுதான் போச்சு, எனக்கு என்ற மக போயி நாலு வருசமாச்சு என்றேன். சொல்லக்கூடாத வார்த்தை, சொல்லிவிட்டேன். நீ முன்பு எனக்குச் சொல்லியிருந்த மாதிரி, புண்ணை ஈரமில்லாமல் வைத்துக்கொள், செருப்பில்லாமல் நடக்காதே என்று மட்டும் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

அங்கே ஒரு ஆளிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே உனக்கு நேரம் ஒதுக்கி அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்கிறாய். அந்த மரியாதையை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் மாவு ஆட்டும்போதெல்லாம், நீ கேட் பக்கம் அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்து மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிற மாதிரி நினைப்பு வருகிறது. அதை நான் ஒரு பத்து ரூபாயைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருத்தப்படவில்லை, நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். அவர் காருக்குப் போகும்போது அப்பா பின்னாலேயே ஓடி நம்பர் வாங்கி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நீ கேட்டால் கொடுப்பார். நீ அந்த மனிதருக்குப் போன் செய்து முடியாது என்று சொன்னால் உடனே எனக்குச் சொல், தெருவுக்கே காபி போட்டுக் கொடுக்கிறேன். சரி என்று சொன்னால் மட்டும் என்னிடம் சொல்லாதே கண்ணு. அவருக்கு நீ சரி சொன்னதை என் காதால் கேட்க என்னால் ஆகாது. ஒரு நாள் பேசாமல் பெட்டியோடு வாசலில் வந்து நில். யார் கூப்பிட்டு வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பருப்புப்பொடியில் ஈரக் கரண்டியைப் போடாதே, நெய் விட்டுச் சாப்பிடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மாசாணியம்மாள்