கவிழ்ந்த படகுகளை விரும்பிப் படித்த அம்மாவுக்கு

தாம்பரம் ரயிலிலேயே ஏழு கடலையும் சுற்றி வந்த என் அம்மாவுக்கு,

யாழினி தூங்கிவிட்டாள். நாளைக்குப் போட வேண்டிய நீச்சல் உடையை அவளே மடித்து நாற்காலியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காலையில் முட்டுக்காட்டில் அவள் உட்காரும் படகைக் கவிழ்க்கப் போகிறார்கள் அம்மா. வேண்டுமென்றேதான். உன் பேத்தி பாய்மரப் படகு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் கரையிலேயே கயிறு, பாய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரில் முதல் பாடம் கவிழ்வதாம். "கவுந்த படகை நிமிர்த்தத் தெரிஞ்சாத்தான் மேடம் பாயையே கையில குடுப்போம்" என்கிறார் கோச். லைஃப் ஜாக்கெட் உண்டு, பக்கத்திலேயே மோட்டார் படகும் நிற்கும். எல்லாம் கேட்டுக்கொண்டு "பாக்கலாம்" என்றேன். நம் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம், அது எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா?

எல்லாம் உன்னால்தான். மழைக்கு முன்னால் லாஃப்டை ஒழித்தபோது உன் பத்திரிகைக் கட்டு அவள் கையில் கிடைத்துவிட்டது.

பாரிமுனையில் நீ வேலை பார்த்த கப்பல் ஏஜென்சிக்கு வெளிநாட்டிலிருந்து மாதா மாதம் வந்த ஆங்கிலப் பாய்மரப் படகுப் பத்திரிகை. மேனேஜர் புரட்டிவிட்டுப் போட்டதும் உன் பைக்குள் போய்விடும். கடற்கரை ஸ்டேஷனில் ஏறி லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்தால், ஒரு கட்டுரை முடியும்போது தாம்பரம் வந்துவிடும் என்பாய். எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வரும் மல்லிகா அக்கா சும்மா விடுவாரா?

"இன்னாக்கா, கப்பல் வாங்கப் போறியா? எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை."

"வாங்கினா உன்னைத்தான் சமையலுக்கு வெச்சுப்பேன். பீன்ஸைப் பொடியா நறுக்கு."

படகில் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவள் அதில் என்ன கண்டாய்? நேற்று நானே உட்கார்ந்து படித்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அட்டை எதையும் கத்தி விற்கவில்லை. வழவழப்பில்லாத கனமான தாள், வியர்வைக் கையில் ஒட்டவில்லை. முடிச்சுப் படங்களைக் கைகள் இல்லாமல் கயிறு மட்டும் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். நம் கை அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது. எழுதினவர்களும் வீரர்கள் இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், அந்த மாதிரி ஆட்கள்.

அந்த முடிச்சுகளில் ஒன்றைத்தானே யாழினியின் தூளிக்குப் போட்டாய்? எவ்வளவு பாரம் தொங்கினாலும் நழுவாது, நாம் அவிழ்த்தால் மட்டும் சுலபமாக அவிழும் என்றாய். நான் நம்பாமல் அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பார்த்தேன். "மூட்டை தூங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விட்டாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன் அம்மா. பள்ளி வேன் கொஞ்சம் தாமதமானால் மூன்று பேருக்கு போன் செய்கிறேன்.

பத்திரிகை நின்ற நாள் நினைவிருக்கிறதா? கடைசி இதழில் ஆசிரியர் விடைபெற்று எழுதியதைப் படித்துக்கொண்டே தாம்பரத்தைக் கோட்டை விட்டுவிட்டாய். அது செங்கல்பட்டு வண்டி. மறைமலை நகரில் இறங்கி, காயின் போனில் அப்பாவிடம் சொன்னாய், "பத்திரிகையை நிறுத்திட்டாங்க." அப்பா சொன்னார், "அதுக்கு நீ தாம்பரத்துல இறங்கக் கூடாதா?" அதற்கப்புறம் ரயிலில் வேறு எதையும் நீ படிக்கவில்லை. மல்லிகா அக்காவோடு சேர்ந்து பீன்ஸ் நறுக்கினாய். என் கணவர் பிரகாஷ் நெட்டில் தேடினார். எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் இன்னும் பழைய இதழ் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நம் வீட்டில் ஒரு கட்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

நேற்று நான் ரசிக்கவா படித்தேன்? யாழினியை அனுப்பாமல் இருக்கக் காரணம் தேடித்தான் படித்தேன். நீ முதலில் புரட்டும் பக்கம்தான் எனக்கும் வேண்டியிருந்தது. வாசகர்கள் தங்கள் படகு தரை தட்டியதை, கவிழ்ந்ததை, பாய் கிழிந்ததை எழுதும் பக்கம். 'இனிமேல் இந்தப் பக்கமே வர மாட்டேன்' என்று ஒருத்தராவது எழுதியிருந்தால், அனுப்பலாம் என்கிற பிரகாஷிடம் காட்டிவிடலாம். ஒவ்வொரு இதழாகத் தேடினேன். ஒருத்தர்கூட எழுதவில்லை. காற்று எந்தத் திசை, நான் எதைக் கவனிக்கவில்லை, பிறகு என்ன செய்தேன், அடுத்த முறை எதை முதலில் பார்ப்பேன். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை.

அந்தப் பக்கத்தை நீ எனக்குத் தமிழில் சொல்வாய். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், "யார் தப்பும்மா?" "அதை விடுடி. அப்புறம் என்ன பண்ணாங்கன்னு கேளு" என்பாய். எனக்குக் கோபமாக வரும். தப்பு யாருடையது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது?

சாயங்காலம் யாழினியிடம் சொல்லிவிட்டேன், "நாளைக்குப் போறோம்." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஜமாவா? நடுவுல மாத்த மாட்டியே?" பிறகு துணி காயப்போடும் கொடியில் நீ போடும் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினாள். பத்திரிகைப் படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் இழுத்துப் பார்த்தேன். நழுவவில்லை.

பயம் போகவில்லை அம்மா. நீ இருந்திருந்தால் போயிருக்குமா? அதுவும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நாளைக்குக் கரையில் நிற்பேன். படகு சாயும்போது அவள் பெயரைச் சொல்லிக் கத்த மாட்டேன், கண்ணையும் மூட மாட்டேன். அவள் சொட்டச் சொட்ட ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கும்போது துண்டை மட்டும் நீட்டிவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்பேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "அப்புறம் என்ன பண்ணே?"

தூளி முடிச்சை நம்பாத உன் மகள்,
யாழினியின் அம்மா