இடக்கையால் எண்ணிய நூறு

நேற்று உன் தூண்டில் தடியின் துணியுறையை அவிழ்த்தேன். தக்கைப் பிடியிலிருந்து உப்பும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடை எழுந்தது. பெருவிரல் படும் இடம் மட்டும் கறுத்திருந்தது. இடக்கைப் பெருவிரல். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. "இது உங்களிட்டைத்தான் இருக்கவேணும் அண்ணை" என்று உன் மனைவி கொண்டுவந்து தந்தார்.

நீ குளங்களையும் மதகுகளையும் மேற்பார்க்கும் நீர்ப்பாசன ஓவசியர், நான் பத்திரிகை நிருபர். ஞாயிறு காலைகளில் முல்லைத்தீவுக் கடற்கரையில் உன்னைக் காணலாம். இரையைக் கோத்துவிட்டுக் காத்திருப்பது உனக்குப் பிடிக்காது. குட்டி மீன்போல மினுங்கும், கொக்கி பூட்டிய தகட்டை அலைக்கு அப்பால் எறிவாய்; சுற்றி இழுப்பாய்; மறுபடி எறிவாய். ஆள்வைத்துக் கரைவலை இழுப்பிக்கும் சம்மாட்டிக்கு அது தீராத பகிடி. "ஓவசியர் ஐயா, கடல் என்ன பிழை செய்தது? ஏன் போட்டு அடிக்கிறியள்?" என்பார். நீ எறிவதை நிறுத்தாமலே சிரிப்பாய்.

பிறகு மதகுப் படியில் சறுக்கி விழுந்தாய். வலத் தோள் முறிந்தது. எலும்பு பொருந்தியது, கை மட்டும் தோளுக்கு மேலே எழவில்லை. பழைய மூங்கில் தடியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது ஒரு துண்டில் எழுதித் தந்தாய்: கண்ணாடி நார்த் தடி, பன்னிரண்டு அடி, குறைந்தால் வேண்டாம். அந்த நீளத்தை வீசிவிட்டால் பழைய ஆளாகிவிடலாம் என்று நம்பினாய். அது எனக்குத் தெரிந்தேயிருந்தது.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த கடையில் அப்படியொரு தடி இருந்தது. கையில் எடுத்ததும் நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. இரைத் தடி நட்டபடி நின்றால் போதும். தகட்டுத் தடியை ஒரு காலையில் நூறு தரமாவது எறியவேண்டும். கடைக்காரரிடம் கேட்டு, பின்முற்றத்துக்குப் போனேன். நுனியில் தகட்டின் நிறைக்கு ஓர் ஈயக்கட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, நூலை விடாமல் வீசிப் பார்த்தேன். நீ இனி இடக்கையால்தான் எறியவேண்டும்; நோகாத என் வலக்கையின் சாட்சி உனக்கு உதவாது என்று தோன்றியது. இடக்கைக்கு மாற்றினேன். பன்னிரண்டு அடி, இருபத்திரண்டாவது வீச்சில் நிலத்தில் முட்டியது. பத்தடி ஐம்பத்தொன்று வரை வந்தது. எட்டரை அடித் தடி நடுவிலிருந்து வளைந்து ஈயத்தைத் தானே தூக்கிக்கொடுத்தது. கடைக்காரர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். "எந்தத் தடியால வீசினாலும் இந்த முற்றத்துல மீன் இல்லை ஐயா" என்றார். நூறு எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த எட்டரை அடித் தடியுடன் ரயிலில் மாங்குளம் வரை வந்து, பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். உறையை அவிழ்க்காமலே அளந்தாய். உன் முகம் மாறியது.

"நான் எழுதினது பன்ரண்டு எல்லே. எனக்கு இரங்கியோ இதை வாங்கினனீ?"

"இரங்கேல்லை மச்சான். எண்ணிப் பாத்தனான். இடக்கையாலை நூறு."

"இடக்கையாலையோ?" என்று கேட்டாய். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். தேநீர் ஆறிப்போக நான் எழுந்து வந்தேன். இரண்டு கிழமை உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. உன் சொல்லை மீறியதற்கு நட்பையே விலையாகக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

சந்தையில் உன் மனைவியைக் கண்டேன். தடியைத் தொட்டாவது பார்த்தாயா என்று கேட்டேன். "தொட்டதோ? விடிய எழும்பி முத்தத்திலை நிண்டு எண்ணுறார் அண்ணை. இடக்கையாலை. கோழியள் ஒண்டும் வீட்டுப் பக்கம் வருகுதில்லை" என்றார்.

அந்த ஞாயிறு கடற்கரைக்கு வந்தேன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாய். உன் வீச்சு முன்னைய தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. முதல் அலை உடையும் இடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்திலேயே தகடு விழுந்தது. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். அந்தப் பள்ளத்தில்தான் கட்டா மீன்கள் சிறுமீனைத் துரத்திக்கொண்டிருந்தன. தடி திடீரென்று வளைந்தது. சம்மாட்டி வலைக்கயிற்றை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். முழங்கை நீளக் கட்டாவை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினாய்.

"எத்தினையாவது?"

"அறுபத்தெட்டு."

"அப்ப இன்னும் முப்பத்திரண்டு கிடக்கு" என்று மறுபடி கடலைப் பார்த்து நின்றாய். நான் செய்தது சரியென்று அதற்குப் பிறகும் நீ ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று காலை உன் தடியுடன் கடற்கரைக்குப் போனேன். வலக்கையில் பிடித்தால் அந்தக் கறுத்த இடம் விரலுக்குப் பொருந்தவில்லை. இடக்கைக்கு மாற்றினேன், பொருந்தியது. முதல் வீச்சு பத்தடி தள்ளி ஈரமணலில் விழுந்தது. சம்மாட்டி இப்போதும் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. "நிருபர் ஐயா, கடல் உங்களுக்கும் பிழை செய்ததோ?" என்று கேட்டார். நான் எறிவதை நிறுத்தாமலே சிரித்தேன்.

பதினேழாவது வீச்சில் தகடு தண்ணீரைத் தொட்டது. முப்பதுக்குப் பிறகு உன் பள்ளத்தில் விழத் தொடங்கியது. நாற்பத்து மூன்றில் தோள் நின்றுவிட்டது. இன்னும் ஐம்பத்தேழு கிடக்கிறது. நாளைக்கும் போவேன்.