நாற்பது ஆம்பியர் போதுமாம்

பதினோரு மணிக்கு உன் ஆபீஸ் இன்ஜினியர் வருவார். மீட்டர் பெட்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், அவருக்கும் போடு. எனக்கொண்ணும் வயித்தெரிச்சல் இல்ல.

கட்டின புருஷன் நான், இருபது வருஷமா வயரிங் பண்றவன். புது ஏசி வருதேன்னு வீட்ல இருக்கிற எல்லாம் இழுக்கிற கரண்டைக் கூட்டி, அறுபத்துமூணு ஆம்பியர் மெயின் பிரேக்கர் போடணும்னேன். அவர் நாற்பதே போதும்ங்கிறார். ஹீட்டர் ஓடும்போது நீ துணி தேய்க்க மாட்டியாம். ஏசி போட்டா கரண்ட் அடுப்பைத் தொட மாட்டியாம்.

கணக்கு சரிதான். ஆனா நம்ம வீட்ல எது எப்போ ஓடும்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

செருப்பு மாட்டும்போதுதான் உறைச்சுது. அவர் உன்னைக் கேட்டிருக்கார். எனக்குத்தான் கேக்கத் தோணல. சாயங்காலம் வந்து கேக்கிறேன். அதுவரைக்கும் அவர்கிட்ட வேற எதையும் சொல்லி வைக்காதே.