படகில் எண்ணெய் ஒழுகுகிற விஷயமாக

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். படகுச் சாவி என்னிடம் இருக்கிறது, தேட வேண்டாம்.

படகின் பின்பக்கம் புரொப்பல்லரைச் சுற்றுகிற டிரைவுக்கு அடியில் ராத்திரி அட்டை விரித்து வைத்தேன். கீழ்த் திருகிலிருந்து மட்டும்தான் எண்ணெய் சொட்டியிருக்கிறது. "உன் தம்பி பாறையில இடிச்சுட்டான், சீலே போச்சு" என்று நேற்று வீடு அதிரக் கத்தினீர்களே, புரொப்பல்லர் பக்கம் எண்ணெயை அடைக்கிற அந்தச் சீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எண்ணெய் மாத்தினப்பவே திருகுக்குப் புது வாஷர் நானே போட்டேன்" என்றும் அடித்துச் சொன்னீர்கள்.

டிரைவைக் கழற்ற உதவுவதற்காகத் தம்பி லீவு போட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறான். டீ போட்டுக் கொடுத்து, விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

பி.கு.: புது வாஷர் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. சட்டையோடு அதையும் துவைத்து, சாப்பாட்டு மூடி மேல் வைத்திருக்கிறேன். பளபளவென்று இருக்கிறது.