சேவலோடு அழுகிறவர்

1963 பெப்ரவரி 28, வியாழன்
பாடக்குறிப்பு எழுதத் தந்த கொப்பியில் சொந்தக் கதை எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். பேச வாய் வருவதில்லை.

மாத்தளைக்குத் திரும்பி இரண்டு மாதம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, கொன்வென்ட் டீச்சர். இன்று அம்மா சோறு கொண்டு வந்தாள், கொக்கோ ஸ்டோரில் கொட்டை பொறுக்கிவிட்டு, அதே அழுக்குச் சேலையோடு. "யாரு டீச்சர் அது?" என்றார் நூருன்னிஸா டீச்சர். "வீட்டு வேலைக்கு வர்றவங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா வாசல் கேட் பக்கத்தில்தான் நின்றாள். காதில் விழுந்திருக்குமா?

மார்ச் 1, வெள்ளி
தபசுகாலமாம், கிறிஸ்தவர்களின் நோன்புக்காலம். கன்னியாஸ்திரிகள் வரவேற்பறையில் பழைய ஓவியமொன்றை மாட்டியிருக்கிறார்கள். இத்தாலியப் படத்தின் பிரதி. கிழவர் ஒருவர் கைகளைக் கோத்து, மேலே பார்த்து அழுகிறார். இடுப்பில் சாவிக்கொத்து. பின்னால், இருட்டுக்குள் ஒரு சேவல். வெளிச்சம் நெற்றியிலும் கண்ணிலும் மட்டும். கீழிமை சிவந்திருப்பதையும் ஓவியர் வரைந்திருக்கிறார். நகத்தில் அழுக்கு! சாமி படத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை. ஏன் அழுகிறார்?

"பரீட்சைப் பேப்பர் திருத்தியிருப்பாரு," என்றார் நூருன்னிஸா.

சாயந்தரம் அம்மாவிடம் சொன்னேன். "சேவலா? அப்ப முருகன் கோயில் பண்டாரம்தான். கோயிலப் பூட்ட மறந்துட்டாரோ என்னமோ. கேட்டுட்டு வாடி."

மார்ச் 4, திங்கள்
அம்மா சோற்றைக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காதில் விழுந்திருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்
சிஸ்டரிடம் கேட்டேன். படத்திலிருப்பவர் இயேசுவின் சீடர் இராயப்பராம். குருவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொன்னாராம். சேவல் கூவியதும் வெளியே போய் அழுதாராம்.

"ஏன் டீச்சர், தேத்தண்ணி குடிக்கலையா?" என்றார் சிஸ்டர்.

தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நான் ஒரு தடவைதானே — சீ, இதென்ன கணக்கு?

மார்ச் 6, புதன்
"பண்டாரம் ஏன் அழுதாருன்னு கேட்டியாடி?" — "மறந்துட்டேம்மா." இதுவும் பொய்.

மார்ச் 8, வெள்ளி
அடுப்படியில் எல்லாவற்றையும் சொன்னேன். இராயப்பர் கதையை, பிறகு நான் நூருன்னிஸாவிடம் சொன்னதை. அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தக் குரு என்ன செஞ்சாரு?"

"கோவிச்சுக்கல. பெறகு பெரிய பொறுப்பே குடுத்தாராம்."

"அந்தாளுக்குச் சேவல் கூவினதும் வெளங்கிருச்சு. ஒனக்கு எட்டு நாளு. இதுல பட்டம் வேற!"

சிரித்தாளா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை கழுவ எழுந்தபோதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"அம்மா, திங்கக்கெழம சோத்த உள்ளேயே கொண்டு வர்றியா? டீச்சர்மாரு ரூமுக்கு. நீ யாருன்னு நான் சொல்லணும்."