பச்சைச் சாயம் போன வழி

அன்புள்ள லோவெல்,

நான் நலம். எண்ணெய்க் கிணற்று வேலையில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நார்த் டகோட்டாவில் குளிர் விட்டதா? இங்கே பனி உருகி, வீட்டை ஒட்டிய நம் பட்டறை வாசல் முழுக்கச் சேறு. ஊரின் பனி தள்ளும் லாரிகள் எண்ணெய் மாற்ற வந்து நிற்கின்றன.

நீ சொன்னபடியே, எண்ணெய் சிந்தினால் உன் தம்பி ஹார்லன், வீட்டுப் பூனைகள் மலம் கழிக்கக் கடையில் விற்கும் மணலைக் கொட்டி, அது எண்ணெயை உறிஞ்சியதும் பெருக்கி அள்ளிவிடுகிறான். "பூனையே இல்லாத வீட்டுக்கு எதுக்குடா இவ்ளோ மணல்னு கடைக்காரன் கேக்கறான் அண்ணி" என்று சிரிக்கிறான். ஆனால் லாரி கழுவும் தண்ணீர் எப்போதும்போல் தரை வடிகாலில்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏரிக்கரைப் பட்டறைகளின் வடிகால்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்கிறார்களாம். தெருக் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் என்று, நீ எப்போதும் சொல்வதையே நானும் சொன்னேன். அவள் வடிகாலில் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு, தெருவில் அந்தக் குழாயின் மூடியைத் திறந்து பார்த்தாள். பச்சை வரவில்லை. ஏரிக்குப் போகும் ஓடையில் போய்ப் பார்த்தோம், அங்கும் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊற்றியது எங்கேதான் போயிருக்கும்? வடிகாலை அடைத்துவைக்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். இப்போது ஹார்லன் முனகிக்கொண்டே லாரிகளைத் துணியால் துடைக்கிறான்.

மூன்று நாள் முன்பு பக்கத்து வீட்டு பிரிட்டா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஆர்டிஸ், எங்க குழாயில தண்ணி பச்சையா வருது. இவன் தொட்டியில உக்காந்தா தவளை மாதிரியே இருக்கான். கிணத்துல பாசி புடிச்சிருக்குமோ?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவள் பிள்ளைக்குப் பால் மாவு கலக்குகிறாள், லோவெல்.

ஹார்லனைப் பிடித்துக் கேட்டேன். "நம்ம வடிகால்லேருந்து தெருவுக்கு நானும் அண்ணனும் குழாய் போடறப்போ நடுவுல பாறை வந்துச்சு அண்ணி. அன்னிக்கு நான் பாதியில வீட்டுக்குப் போயிட்டேன். முடிச்சாச்சுன்னு அண்ணன் சொன்னாரு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது" என்றான். சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழாய் அந்தப் பாறையோடு நின்றிருந்தால், இத்தனை நாள் கழுவிய தண்ணீரெல்லாம் மண்ணில் இறங்கிப் பிரிட்டாவின் கிணற்றுக்குத்தான் போயிருக்கும்.

என்னென்னவோ நினைவுக்கு வருகிறது. பிரிட்டா வீட்டில் நீ ஒரு வாய் காபி குடித்து நான் பார்த்ததில்லை. எப்போது போனாலும் பீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவாய். அது வெறும் பழக்கம்தானா? இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நீ வரும்வரை பேசாமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மறுநாள் பிள்ளை என் கண்முன்னே புட்டியை வாயில் வைத்தபோது பிடுங்கிவிட்டேன். அவன் வீறிட்டு அழுதான். பிரிட்டாவிடம் வடிகால் விஷயத்தைச் சொன்னேன். நகரசபைப் பெண்ணையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இப்போது அவர்களுக்குக் கடையில் தண்ணீர் வாங்கித் தருகிறேன். பிள்ளையின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

பிரிட்டா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "லோவெலுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா, பாவம். கேட்டா ஒடஞ்சு போயிடுவாரு" என்று உனக்காகக் கண் கலங்கினாள். உன் பீர் பாட்டிலைப் பற்றி மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

இதைத் தொலைபேசியில் உன்னிடம் கேட்டிருக்கலாம். உன் குரல் ஒரு நொடி தயங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு உண்மை வேண்டுமா, நீ வேண்டுமா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

பதில் எழுதாதே. விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பு. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஊருக்கு வந்ததும் நம் வீட்டுக்கு வராதே. முதலில் பிரிட்டா வீட்டுக் கதவைத் தட்டு.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
ஆர்டிஸ்